அந்த ஐந்து குழந்தைகள் எங்கே?

(கோவில்பட்டி வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நாம் பேசியது இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேசுகிற மேடையில் இன்று ஒரு வியாதியைப் பற்றிப் பேச நிற்கிறோம். டாக்டர் பேச வேண்டியதை இவர்கள் ஏன் பேசுகிறார்கள் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். தோன்றுவது நியாயம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பு நின்றுபோன நாம் உங்களுக்கு வைத்தியம் சொல்லப்போவதில்லை. ஒரு கணக்கு சொல்லப்போகிறோம். ஷிப்டு முடியும்போது எத்தனை இழை அறுந்தது என்று சொல்லுகிறவர்கள் நீங்கள். பருத்தி எடுத்த கூலியில் எடைபோடுகிறவன் எத்தனை பலம் அமுக்கினான் என்று கையாலேயே சொல்லுகிற தாய்மார்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்குக் கணக்குப் புரியாது என்று எவனும் சொல்ல முடியாது.

கணக்கு இதுதான். நமது நாட்டில் வெவ்வேறு இடங்களில் டாக்டர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த விவரங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 1999-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆயிரம் பேரை நிறுத்தினால் அவர்களில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பது அந்த முடிவு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி கோவில்பட்டி நகரத்தில் மட்டும் 95 ஆயிரம் பேர். அப்படியானால் இந்த நகரத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் இருக்க வேண்டும். தூத்துக்குடி ஜில்லா முழுவதும் பதினேழரை லட்சம் பேர். இருக்க வேண்டியது ஒன்பதாயிரம், பத்தாயிரம். நால்வரில் ஒருவர் பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும், நகரத்தில் நூறு பிள்ளைகளுக்கு மேல். ஜில்லாவில் இரண்டாயிரத்துக்கு மேல். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஐந்து பேர் இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். பதில் வராது. அந்த ஐந்து குழந்தைகள் எங்கே போனார்கள்? இதைத்தான் பேச வந்தோம்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. நமது மூளையில் கோடி கோடியாக நரம்பணுக்கள் இருக்கின்றன. மிகச் சிறிய மின்துடிப்புகளால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டு, முறைபோட்டு வேலை செய்கின்றன. சில சமயம் ஒரு பகுதி அணுக்களோ எல்லா அணுக்களுமோ முறை தவறி ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் கை கால் வெட்டுகிறது. கண் மேலே சொருகுகிறது. வாயில் நுரை தள்ளுகிறது. சில பிள்ளைகள் தம்மையறியாமல் சிறுநீர் கழித்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் துடிப்பு அடங்கும். பிள்ளை களைத்துத் தூங்கும். பேயும் இல்லை, முனியும் இல்லை. தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை.

இது புதிதாக வந்த வியாதியும் இல்லை. பழைய தமிழில் இதற்கு முயலகன் என்றே பெயர். கொல்லிமழவன் என்ற சிற்றரசன் தன் மகளுக்கு முயலக நோய் கண்டு, எந்த வைத்தியமும் பலிக்காமல், அவளைத் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் கொண்டுபோய்க் கிடத்தியதாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. சம்பந்தர் பாடித் தீர்த்தார் என்பது புராணம். நம்புகிறவர்கள் நம்பட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை. நாம் கவனிப்பது வேறு. அரண்மனையில் இருந்தவனும் மகளை ஒளித்துவைக்கவில்லை. ஊரறியக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். இன்று நாம் ஒளித்துவைக்கிறோம்.

கணக்குக்கு வருவோம். ஆயிரத்துக்கு ஐந்து என்றோம். எல்லா இடத்திலும் அதே ஐந்துதானா? இல்லை. 1990-களில் பெங்களூர் நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் விசாரித்தார்கள். நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7, கிராமத்தில் 11.9. கிராமத்தில் இரண்டு மடங்கு! அதே காலத்தில் மத்திய கேரளத்தில் 2 லட்சத்து 38 ஆயிரம் பேரை விசாரித்ததில் 1,175 பேருக்கு நோய் இருந்தது. ஆயிரத்துக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அங்கேயும் பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ளவர்களிடம்தான் அதிகம். வேலூர் ஜில்லாவில் 50 ஆயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2006-இல் வெளியிட்ட கணக்கில் ஆயிரத்துக்கு நாலுக்குச் சற்றுக் குறைவு.

இதென்ன, ஆளுக்கு ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இன்னும் வலிப்பு வந்துகொண்டிருப்பவர்களையும் மருந்து சாப்பிடுகிறவர்களையும் மட்டும் எண்ணினால் எண்ணிக்கை குறையும். எப்போதோ வந்து நின்றுபோனவர்களையும் சேர்த்தால் கூடும். சின்னக் குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் ஒரு தடவை வருகிற வலிப்பைச் சேர்க்கவே கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு அப்படி வரும். பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும். காய்ச்சல் போன்ற உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், ஒரு நாளுக்கு மேல் இடைவெளிவிட்டு இரண்டு தடவையாவது வந்தால்தான் பொதுவாக வலிப்பு நோய் என்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் இன்று எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது ஒரு கணக்கு. இந்த வருஷம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. ஆயிரத்துக்கு ஐந்து என்பது கிடக்கிற தண்ணீர். வருஷா வருஷம் புதிதாக நோய் காண்கிறவர்கள் வந்து சேர்கிற தண்ணீர். இரண்டு வழியாக அது வெளியே போகும். நோய் குணமானால் போகும். அது மடை வழியாகப் பாய்ந்து பயிருக்குப் போகிற தண்ணீர். பிள்ளை செத்துப்போனாலும் எண்ணிக்கை குறையும்; அது கரை உடைந்து போகிற தண்ணீர். ஆகவே ஒரு வட்டாரத்தில் வலிப்புக் குழந்தைகள் குறைவாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் உடனே சந்தோஷப்படக் கூடாது. மடை திறந்ததா, கரை உடைந்ததா என்று கேட்க வேண்டும். நமது கரிசல் காட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை? குளிக்கப் போன பிள்ளை தண்ணீருக்குள் வலிப்பு வந்து மூழ்கிப்போனால், கால் தவறி விழுந்தான் என்றுதான் ஊர் பேசும். விறகடுப்பில் விழுந்த பெண்ணுக்குத் தீ விபத்து என்று பெயர். எந்த ஏட்டிலும் வலிப்பு என்று ஏறாது.

கண்ணுக்குத் தெரியாத வலிப்பும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண் பத்து விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் பதில் இராது. பிறகு ஒன்றும் நடக்காதது போல எழுதத் தொடங்குவாள். ஒரு நாளைக்கு இருபது முறைகூட இப்படி வரலாம். வாத்தியார், பராக்குப் பார்க்கிறாய் என்று பிரம்பை எடுப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அடி வாங்குவது அந்தக் குழந்தை.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்தில் நாம் போய் விசாரித்ததைச் சொல்லுகிறோம். ஊர்ப்பெயர் வேண்டாம். மந்தையில் நின்று, "வலிப்பு வருகிற பிள்ளைகள் இங்கே உண்டா?" என்று கேட்டோம். "அதெல்லாம் நம்ம ஊரில் கிடையாது, தோழர்" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறோம், ஒரு தாய் பின்னாலேயே வந்தாள். "அண்ணே, எம்புள்ளைக்கு இருக்கு. சத்தமாப் பேசாதீங்க" என்றாள். பெண்ணுக்குப் பதினோரு வயது. வயசுக்கு வருவதற்குள் நின்றுவிடும் என்று ஒரு கிழவி சொன்னாளாம். அதை நம்பி மூன்று வருஷமாகப் பூசாரிக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் செலவு. பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்துவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் சீட்டில் எழுதிவிடுவார்கள், நாளைக்கு யார் கட்டுவான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல நமக்கு நேரம் இல்லை, பஸ் வந்துவிட்டது. இங்கே சொல்லுகிறோம்.

அந்தத் தாயின் பயம் ஆதாரம் இல்லாத பயம் அல்ல. நாட்டின் சட்டமே அப்படி இருந்தது. இந்து விவாகச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்பப் பைத்தியம் பிடிப்பதோடு வலிப்பையும் சேர்த்து, கல்யாணத்துக்குத் தடை என்று எழுதிவைத்தது. அதைக் காட்டியே கல்யாணத்தை ரத்துச் செய்யக் கோர்ட்டுக்குப் போகலாம் என்ற நிலைமை. டாக்டர்களும் நோயாளிகளின் சங்கமும் விடாமல் போராடிய பிறகு 1999-இல் பார்லிமெண்ட் அந்தச் சொல்லை நீக்கியது. சட்டத்திலிருந்து போய்க் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மனத்திலிருந்து போகவில்லை. இன்று வலிப்பு இருக்கிறது என்பது கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை அல்ல. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். கல்யாண வயதில் உள்ள பெண்ணுக்கு எந்த மாத்திரை என்பதில் மட்டும் கவனம் வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள சிசுவைக் கெடுக்கக்கூடியது. அவளுக்கு வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்திவிடக் கூடாது.

சரி, கிராமத்தில் ஏன் அதிகம்? ஏழைக்கு ஏன் அதிகம்? வலிப்புக்குக் காரணம் பல. பரம்பரையாக வருவது உண்டு. காரணமே தெரியாமல் வருவதும் ஏராளம். ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களைப் பாருங்கள். பிரசவம் இழுத்துக்கொண்டு, குழந்தை மூச்சு முட்டிப் பிறந்து, மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருப்பது, மூளைக் காய்ச்சல், தலையில் அடி, நாடாப்புழு. உலகத்தில் உள்ள வலிப்பு நோயில் நாலில் ஒரு பங்கு வரை தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுகிறது.

நாடாப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; இதில் நமது தமிழ்நாட்டு டாக்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வலிப்பு வந்த பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கத் தொடங்கிய காலத்தில், பலருக்குச் சிறியதாக ஒரே ஒரு கட்டி தெரிந்தது. நமது நாட்டில் காசநோய் அதிகம் அல்லவா? அதனால் அது காசநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சாண்டி, டாக்டர் ராஜசேகர் ஆகியோர் 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அந்தக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு மூளைக்குள் போய்த் தங்கி உண்டாக்கிய கொப்புளம் என்று காட்டினார்கள். பல பிள்ளைகளுக்கு அது காலப்போக்கில் தானாகவே கரைந்துபோகிறது; அதுவரை வலிப்பு மாத்திரை போதும். எத்தனை பிள்ளைகள் வேண்டாத மருந்திலிருந்தும் ஆபரேஷனிலிருந்தும் தப்பினார்கள் என்று எண்ணிப்பாருங்கள்! முன்னே சொன்ன வேலூர் கணக்கில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டும். பன்றிக்கறி தின்கிறவனுக்குத்தான் இது வரும் என்று சொல்லி, அதைச் சாதியோடு முடிச்சுப்போட்டு, ஒரு பகுதி ஜனங்களை இழிவு செய்கிறார்கள். தப்பு! சரியாக வேகாத கறியால் புழு வயிற்றில் வளரும். அந்தப் புழுவின் முட்டை மலத்தில் வெளியேறி, மண்ணிலும் தண்ணீரிலும் கீரையிலும் கழுவாத கையிலும் ஏறி, ஒருவர் வாய்க்குள் போனால்தான் அதிலிருந்து வெளிவரும் இளம்புழு மூளைக்குப் போகிறது. கறியே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். கறியைவிடக் கக்கூஸும் நல்ல தண்ணீரும்தான் இங்கே முக்கியம். தண்ணீர் வராத கக்கூஸைக் கட்டிவைத்துப் பெயிண்ட் அடித்துப் படம் எடுத்தால் புழு பயந்து ஓடாது.

மருந்து இருக்கிறதா? இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. 1912-இல் ஜெர்மனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன் என்ற இளம் டாக்டர், தூக்கத்துக்காகக் கொடுக்கிற பினோபார்பிடோன் என்ற மருந்து வலிப்பைக் குறைக்கிறது என்று கண்டு எழுதினார். யூதர் என்பதற்காக நாஜிகள் பின்னால் அவரை வேலையிலிருந்து விரட்டி, 1938-இல் டக்காவ் முகாமில் அடைத்தார்கள். அமெரிக்காவுக்குத் தப்பிப் போய் அங்கேயே இறந்தார். அவரை விரட்டிய ஆட்சி மண்ணோடு போயிற்று. அந்த மாத்திரை இன்றும் உலகம் பூராவும் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 1938-இல் பினிடாயின் என்ற இன்னொரு மருந்து வந்தது. இரண்டும் மலிவு. சரியாக நோயைக் கண்டு மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பு இல்லாமல் வாழலாம் என்கிறார்கள்.

படித்தவர் ஊரில்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஈரோட்டுக்கு அந்தண்டை, கர்நாடகத்தில் சாம்ராஜ்நகர் ஜில்லாவில் எளந்தூர் என்ற தாலுகா இருக்கிறது. விவசாயிகள் நிறைந்த ஏழை வட்டாரம். அங்கே டாக்டர் கே.எஸ்.மணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களை வீடு வீடாகப் போய் விசாரித்து, வலிப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்து, நாம் சொன்ன இதே இரண்டு மலிவு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்கு வருஷக்கணக்கில் வலிப்பே வராமல் நின்றது. நோயை வளரவிட்டுத் தாமதமாக வந்தவர்களைவிடச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம். 2001-இல் லண்டன் லான்செட் பத்திரிகை இதை வெளியிட்டது. அவர்கள் செய்த முதல் வேலை என்ன? எண்ணியது! எண்ணினார்கள், அதனால் கண்டார்கள், கண்டதனால் கொடுக்க முடிந்தது.

அப்படியிருக்க, படிப்பில் முன்னே நிற்கிற கேரளத்திலேயே அந்தக் கணக்கெடுப்பின்போது நூற்றுக்கு 38 பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். நமது வட்டாரத்தில் என்ன நிலைமை என்று நீங்களே யோசியுங்கள். மாத்திரை விலை பெரிதல்ல. அதை வாங்கப் போகிற நாள் கூலி பெரிது. தீப்பெட்டி ஆபீசில் கட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தாய், மாதம் ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட வேண்டும். போன இடத்தில் "இந்த மாதம் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்று சொன்னால்? வர மாட்டாள். மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். பார்த்தீர்களா, மருந்தும் கேட்கவில்லை என்று ஊர் சொல்லும். பூசாரி வீட்டுக்கு மறுபடியும் கூட்டம் போகும். மருந்து கேட்கவில்லை என்பதில் பாதி, மருந்து கிடைக்கவில்லை என்பதுதான்.

சர்க்காரிடம் திட்டமே இல்லையா? காகிதத்தில் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி டாக்டர் குழு வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கும், இரண்டு முறை அங்கன்வாடிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய நோய்களில் வலிப்பும் உண்டு. ஆனால் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணை அந்தக் குழு எங்கே பார்க்கும்? வந்திருக்கிற பிள்ளைக்கும் குழு வருகிற அன்றைக்கே வலிப்பு வருமா? யாராவது சொன்னால்தான் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். அதே கையில் வலிப்பு மாத்திரையும் கொண்டுவந்தால் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் சொன்னார்கள். வலிப்பு என்ற பெயர் அதில் இல்லை. அடிக்கடி விழுகிற பிள்ளை எந்தச் சலுகையைக் கேட்பது?

இனி ஒரு விஷயம். எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். கண்ணெதிரே ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கிற நேரத்தில் இரும்புக்குப் பெயர் போகிறது. வாய்க்குள் விரலையோ கரண்டியையோ விடாதீர்கள், பல் உடையும். தண்ணீர் ஊற்றாதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். அடுப்பு, கிணறு, மெஷின் பக்கத்திலிருந்து நகர்த்தி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காவிட்டாலும், நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தாலும், தாமதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வேலைக்கு வருவோம். பஞ்சாலைத் தோழர்கள் நகரத்தில் ஆளுக்கு ஒரு தெரு. விவசாயத் தொழிலாளர் தோழர்கள் ஆளுக்கு ஒரு கிராமம். மந்தையில் நின்று கேட்காதீர்கள். நாம் கேட்டுப் பார்த்தாயிற்று. தாய்மார்கள் இருவராகப் போய், அடுப்படியில் உட்கார்ந்து கேளுங்கள். வலிப்பு உண்டா என்று தொடங்கினால் கதவு சாத்திவிடும். வீட்டில் யாராவது நினைவு தப்பி விழுந்தது உண்டா, கை கால் வெட்டியது உண்டா, பிள்ளை கூப்பிட்டால் கேட்காமல் வெறித்துப் பார்ப்பது உண்டா, தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வது உண்டா என்று கேளுங்கள். எந்த வயதில் தொடங்கியது, கடைசியாக எப்போது வந்தது, மாத்திரை உண்டா, எந்த மாதம் நின்றது, ஏன் நின்றது, பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாய் சம்மதித்தால் தவிரப் பெயர் எழுத வேண்டாம். தெருவும் வயதும் போதும். எந்த நோய் என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். அது டாக்டர் வேலை. வருகிற சம்மதம் உள்ளவர்களைச் சேர்த்து, கோவில்பட்டி அரசு தலைமை ஆஸ்பத்திரிக்கு ஒரே நாளில் கூட்டிப்போவோம். பஸ் செலவுக்கு மில் வாசலில் உண்டியல் வைப்போம். மாத்திரை இல்லையென்றால் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் இல்லை என்ற கணக்கோடு கலெக்டரிடம் மனு கொடுப்போம்.

நோட்டுப் புத்தகங்கள் இந்த மேஜைமேல் இருக்கின்றன. கூட்டம் கலைவதற்கு முன் தெருப்பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். விளாத்திகுளம் பக்கத்துக்கு இரண்டு தாய்மார்கள் வேண்டும். அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் வீட்டை நாம் காட்டுகிறோம்.